விலங்குகள் மீதான கருணையும் கிறித்தவமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

விலங்குகளைக் காரணமின்றித் துன்புறுத்துவது தவறு என்பதைக் கிறித்தவச் சிந்தனையாளர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அது ஏன் தவறு, யாருக்கு எதிரான தவறு என்பதில் அவர்களிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. ஒருவன் குதிரையை அடித்து வதைக்கிறான் என்று கொள்வோம். அது குதிரையின் உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பு என்பது ஒரு விடை. அடிப்பவனின் மனம் கல்லாகி, நாளை அவன் மனிதரையும் அடிப்பான் என்பது இரண்டாவது விடை. படைத்தவரை அவமதிக்கும் செயல் என்பது மூன்றாவது. குதிரைக்கு வலிக்கிறது, ஆகவே அது குதிரைக்கே இழைக்கப்படும் அநீதி என்பது நான்காவது.

கிறித்தவ வரலாற்றில் இந்த நான்கு விடைகளும் சொல்லப்பட்டுள்ளன. எளிமையாகத் தோன்றும் நான்காவது விடை விரிவான இறையியல் வாதமாக உருப்பெற நெடுங்காலம் ஆயிற்று. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குருமார்கள் சிலர் அதனை முன்வைத்தனர். ஐம்பது ஆண்டுகளுக்குள் அது சட்டமாகவும் சங்கமாகவும் வடிவம் பெற்றது. அந்த வளர்ச்சியையும் அதன் குறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விவிலியத்தில் விலங்குகள்

விலங்குகள் குறித்த கிறித்தவ விவாதங்கள் அனைத்தும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலிருந்தே தொடங்குகின்றன. மீன்கள், பறவைகள், நிலத்தில் நடமாடும் உயிர்கள் அனைத்தின் மீதும் மனிதருக்கு ஆளுகை தரப்பட்டதாக அங்கே கூறப்படுகிறது. அதற்கு அடுத்து வரும் வசனங்களில் மனிதருக்கும் விலங்குகளுக்கும் தாவரங்கள் மட்டுமே உணவாக அளிக்கப்படுகின்றன. இறைச்சி உண்ணும் அனுமதி ஒன்பதாம் அதிகாரத்தில், நோவாவின் காலத்துப் பெருவெள்ளத்திற்குப் பிறகே வருகிறது. அதே அதிகாரத்தில் கடவுள் செய்யும் உடன்படிக்கை நோவாவின் சந்ததியாருடன் நின்றுவிடவில்லை. பேழையிலிருந்து வெளிவந்த எல்லா உயிர்களையும் அது உள்ளடக்குகிறது.

மோசேயின் சட்டங்களில் விலங்குகளைப் பற்றிய விதிகள் பல உள்ளன. ஓய்வுநாள் மாட்டுக்கும் கழுதைக்கும் உரியது. பகைவனின் கழுதை சுமையின் கீழ் விழுந்து கிடந்தால் உதவ வேண்டும். கூட்டில் குஞ்சுகளோடு இருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்கக் கூடாது. களத்தில் போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது. உழைக்கும் மாடு தன் காலடியில் கிடக்கும் தானியத்தில் ஒரு வாய் தின்னலாம் என்பதே கடைசி விதியின் பொருள். நீதிமான் தன் கால்நடையின் உயிரைப் பேணுவான் என்ற கருத்து நீதிமொழிகள் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. நினிவே நகரை அழிக்காமல் விட்டதற்கான காரணத்தைக் கடவுள் யோனாவிடம் சொல்லும்போது, அங்குள்ள மக்களோடு திரளான கால்நடைகளையும் குறிப்பிடுகிறார்.

புதிய ஏற்பாட்டில் இயேசு சிட்டுக்குருவிகளைப் பற்றிப் பேசும் இடம் கவனிக்கத்தக்கது. மத்தேயு நற்செய்தியின்படி இரண்டு குருவிகளின் விலை ஒரு காசு. லூக்கா நற்செய்தியின்படி ஐந்து குருவிகளின் விலை இரண்டு காசு. அப்படியானால் ஐந்தாவது குருவி கொசுறாகக் கிடைப்பது. அந்தக் கொசுறுக் குருவியைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்கிறார் இயேசு. ஆனால் அந்தப் போதனை, மனிதர்கள் பல குருவிகளைவிட மேலானவர்கள் என்றே முடிகிறது. குருவியின் மதிப்பும் மனிதரின் மேன்மையும் ஒரே இடத்தில் பேசப்படுகின்றன.

பவுலின் கடிதங்களிலும் இந்த இருமையைக் காணலாம். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் எட்டாம் அதிகாரத்தில், படைப்பு முழுவதும் வேதனையில் தவித்து விடுதலைக்காகக் காத்திருப்பதாக அவர் எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்திலோ, போரடிக்கும் மாட்டைப் பற்றிய விதியை எடுத்துக்கொண்டு, கடவுள் மாடுகளுக்காகவா கவலைப்படுகிறார் என்று கேட்கிறார். அந்த விதி போதகர்களுக்குத் தரவேண்டிய கூலியைக் குறிப்பதாக அவர் விளக்கம் தருகிறார். பிற்காலத்தில் விலங்குகளுக்காக வாதிட்டவர்கள் ரோமர் கடிதத்தையும், அவர்களை மறுத்தவர்கள் கொரிந்தியர் கடிதத்தையும் கையில் எடுத்தனர்.

அகுஸ்தீன் முதல் அக்குவினாஸ் வரை

மேற்கத்தியத் திருச்சபையின் பொதுவான நிலைப்பாட்டை வகுத்தவர்களுள் முதன்மையானவர் புனித அகுஸ்தீன் (354–430). இளமையில் அவர் மானிக்கேய சமயத்தைப் பின்பற்றியவர். அச்சமயத்தின் உயர்நிலைத் துறவிகள் உயிர்களைக் கொல்வதையும் செடிகளைப் பறிப்பதையும் தவிர்த்தனர். அச்சமயத்தை விட்டு விலகிய பிறகு, அந்தக் கட்டுப்பாடு மூடநம்பிக்கை என்று அகுஸ்தீன் வாதிட்டார். இயேசு தீய ஆவிகளைப் பன்றிக்கூட்டத்திற்குள் அனுப்பியதையும், அத்திமரத்தைப் பட்டுப்போகச் செய்ததையும் சான்றாகக் காட்டினார். கொலை செய்யாதே என்ற கட்டளை விலங்குகளுக்குப் பொருந்தாது என்று 'கடவுளின் நகரம்' என்ற நூலில் எழுதினார். அவற்றுக்குப் பகுத்தறிவு இல்லாததால் மனிதரோடு அவை ஒரே சமூகமாக இணைய முடியாது என்பது அவர் கூறிய காரணம்.

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இக்கருத்தை அரிஸ்டாட்டிலின் தத்துவத்தோடு இணைத்து முறைப்படுத்தினார். தாவரங்கள் விலங்குகளுக்காகவும், விலங்குகள் மனிதருக்காகவும் இருக்கின்றன என்பது அந்த அடுக்குமுறை. அப்படியென்றால் விலங்குகளிடம் இரக்கம் காட்டுமாறு விவிலியம் ஏன் கூறுகிறது? அக்குவினாஸ் இரண்டு காரணங்களைத் தந்தார். விலங்கிடம் கொடுமை செய்து பழகியவன் மனிதரிடமும் கொடுமை செய்வான் என்பது ஒன்று. விலங்குக்கு நேரும் தீங்கு அதன் உரிமையாளருக்கு இழப்பாகும் என்பது மற்றொன்று. விலங்கின் வலியைக் கண்டு இரங்குபவன் மனிதரிடம் இன்னும் அதிகமாக இரங்குவான் என்றும் அவர் கருதினார்.

இதனைக் கல்நெஞ்சக் கொள்கை என்று ஒதுக்குவது சரியாகாது. அக்குவினாஸ் விலங்கு வதையை ஆதரிக்கவில்லை. விலங்குகளுக்கு வலி உண்டு என்பதை மறுக்கவும் இல்லை. ஆனால் அவருடைய வாதத்தில் விலங்கின் வலி தனக்கெனக் கணக்கில் வருவதில்லை. வதைப்பவனின் குணமும் உடைமையாளரின் பொருளுமே எடைபோடப்படுகின்றன.

மற்றொரு மரபு

இதற்கு இணையாக வேறொரு மரபும் கிறித்தவத்தில் இருந்தது. அது தத்துவ வாதமாக அமையாமல், துறவிகளின் வாழ்விலும் வேண்டுதலிலும் வெளிப்பட்டது.

7-ஆம் நூற்றாண்டில் கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த ஈசாக்கு என்னும் துறவி, இன்றைய கத்தார் பகுதியில் பிறந்தவர். நினிவே நகரின் ஆயராகச் சில மாதங்களே பணியாற்றிவிட்டு, பதவியைத் துறந்து தனிமையை நாடினார். இரக்கமுள்ள இதயம் எது என்ற கேள்விக்கு அவர் சிரியாக் மொழியில் எழுதிய விளக்கம் கிழக்கத்தியக் கிறித்தவத்தில் இன்றும் புகழ்பெற்றது. மனிதர், பறவைகள், விலங்குகள், ஊர்வன, தீய ஆவிகள் என அனைத்துக்காகவும் கண்ணீரோடு மன்றாடும் இதயமே அது என்பது அவர் கருத்து. எந்த உயிருக்கு நேரும் சிறு துன்பத்தையும் அந்த இதயத்தால் தாங்கிக்கொள்ள முடியாது என்றார் அவர்.

மேற்கில் அசிசி நகரின் புனித பிரான்சிஸ் (இறப்பு 1226) இம்மரபின் பெரும் அடையாளமானார். அவர் இறந்து சில ஆண்டுகளுக்குள் செலானோ ஊரைச் சேர்ந்த தாமஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலேயே அவர் பறவைகளுக்குப் போதித்த நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. குப்பியோ ஊரை அச்சுறுத்திய ஓநாயை அவர் சாந்தப்படுத்திய கதை 14-ஆம் நூற்றாண்டுத் தொகுப்பில் வருகிறது. 1223-இல் கிரேச்சோ என்ற ஊரில் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடியபோது, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் தீவனத்தொட்டி அருகே அவர் நிறுத்தச் செய்தார். உயிர்கள் அனைத்தும் ஒரே தந்தையின் பிள்ளைகள், ஆகவே உடன்பிறப்புகள் என்பது அவருடைய பார்வை. அவரது திருநாளான அக்டோபர் 4 இன்று உலக விலங்குகள் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது.

பிரான்சிஸை மக்கள் வணங்கினார்கள். ஆனால் விலங்குகளை நடத்தும் முறையில் அவருடைய முன்மாதிரி பொது விதியாகவில்லை. அது ஒரு புனிதரின் தனிச்சிறப்பாகவே பார்க்கப்பட்டது.

தொடக்ககாலத் தடைகள்

விலங்குகளை வைத்து நடத்தும் கொடிய கேளிக்கைகளைத் தடுக்க 18-ஆம் நூற்றாண்டுக்கு முன்பே சில முயற்சிகள் நடந்தன. 1567-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் காளைப்போரைத் தடை செய்து ஆணை பிறப்பித்தார். அதை அனுமதிக்கும் ஆட்சியாளர்கள் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்றும் எச்சரித்தார். அவருக்குப் பின் வந்த பதின்மூன்றாம் கிரகோரி 1575-இல் அந்தத் தடையைத் தளர்த்தினார். பயஸின் ஆணைக்கு முதன்மையான காரணம் களத்தில் இறக்கும் மனிதர்களின் உயிரும் ஆன்ம நலனுமே.

இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய தூய்மைவாதக் கிறித்தவர்கள் 1641-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்திற்கென ஒரு சட்டத் தொகுப்பை உருவாக்கினர். அதை எழுதியவர் நத்தானியேல் வார்டு என்ற போதகர். மனிதப் பயன்பாட்டுக்காக வளர்க்கப்படும் எந்த விலங்கையும் கொடுமைப்படுத்தக் கூடாது என்று அதன் 92-ஆம் பிரிவு கூறியது. நெடுந்தொலைவு ஓட்டிச் செல்லப்படும் கால்நடைகளை வழியில் இளைப்பாற விடலாம் என்று அடுத்த பிரிவு அனுமதித்தது. 1654-இல் கிராம்வெல்லின் ஆட்சி இங்கிலாந்தில் சேவற்சண்டையைத் தடை செய்தது. சூதாட்டம், குடி, பொது ஒழுங்கின் சீர்குலைவு ஆகியவற்றைத் தடுப்பதே அதன் நோக்கம். முடியாட்சி மீண்டும் வந்ததும் அந்தக் கேளிக்கைகளும் திரும்பி வந்தன.

பிரசங்க பீடத்தில் நாயும் குதிரையும்

1772 அக்டோபரில், ஆக்ஸ்போர்டுஷயர் பகுதியில் உள்ள ஷிப்லேக் என்ற ஊரின் குரு ஜேம்ஸ் கிரேஞ்சர், நீதிமொழிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு விலங்கு வதையைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். பின்னர் அதை அச்சிட்டபோது, கேட்டவர்களின் எதிர்வினையையும் பின்குறிப்பாகச் சேர்த்தார். நாய்களையும் குதிரைகளையும் பற்றிப் பேசியது பிரசங்க பீடத்தின் மாண்புக்கு இழுக்கு என்று மக்கள் வெறுப்படைந்ததாகவும், தமக்குச் சித்தம் கலங்கிவருவதாகவே கருதியதாகவும் அவர் எழுதியுள்ளார். விலங்குகள் மீதான இரக்கம் தேவாலயத்தில் பேசத் தகுந்த பொருளாகவே அன்று கருதப்படவில்லை என்பதை இது காட்டுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1776-இல், ஹம்ப்ரி பிரைமாட் என்ற இங்கிலாந்துத் திருச்சபைக் குரு, விலங்குகளிடம் இரக்கம் காட்டும் கடமையையும் அவற்றைக் கொடுமைப்படுத்தும் பாவத்தையும் பற்றி ஒரு முழு நூலை வெளியிட்டார். கிறித்தவ இறையியலின் அடிப்படையில் விலங்கின் வலியை மையமாக வைத்து எழுதப்பட்ட தொடக்ககால நூல்களுள் இது முதன்மையானது.

பிரைமாட்டின் வாதம் எளிமையானது. வலி யாருக்கு வந்தாலும் வலிதான். மனிதருக்கு வந்தாலும் விலங்குக்கு வந்தாலும் அது ஒரு தீமையே. உருவமும் அறிவும் வேறுபடலாம். அந்த வேறுபாடு வலியின் தன்மையை மாற்றுவதில்லை. நிறத்தின் காரணமாக ஒரு வெள்ளையருக்குக் கறுப்பினத்தவரை அடிமைப்படுத்தும் உரிமை வந்துவிடாது என்பதை அவர் எடுத்துக்காட்டாகக் கூறினார். உயர்ந்த நிலையில் வைக்கப்பட்டவர் யாராயினும், அந்த உயர்வு கடவுள் தந்தது. தாழ்ந்திருப்பவரை மிதிப்பதற்கு அது உரிமைச்சீட்டு ஆகாது.

அவருடைய மற்றொரு வாதம் இன்னும் கூர்மையானது. விலங்குகளுக்கு மறுவாழ்வு இல்லை என்பது அன்றைய பொதுநம்பிக்கை. எனவே அவற்றைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை என்று பலர் முடிவு செய்தனர். பிரைமாட் அதே நம்பிக்கையிலிருந்து எதிரான முடிவுக்கு வந்தார். இவ்வுலகில் அநீதிக்கு ஆளான மனிதருக்கு மறுமையில் ஈடு கிடைக்கக்கூடும். விலங்குக்கு இருப்பது இந்த ஒரே வாழ்வு. ஆகவே அதற்கு இழைக்கும் கொடுமைக்கு எங்கும் ஈடு கிடையாது. மேலும், விலங்கு பாவம் செய்யாதது. அதன் துன்பத்தைத் தண்டனை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியைக் குதிரை மீது பயணம் செய்து போதித்தவர் அவர். குதிரையைத் தேய்த்துவிட்டார்களா, தீனி வைத்தார்களா, படுக்க வைக்கோல் இட்டார்களா என்பதை நேரில் பார்த்து உறுதிசெய்யுமாறு தம் போதகர்களுக்கு அறிவுறுத்தினார். 1781-இல் ரோமர் கடிதத்தின் எட்டாம் அதிகாரத்தை வைத்து அவர் எழுதிய பிரசங்கத்தில், மனிதரின் வீழ்ச்சியால் துன்பத்தில் விழுந்த விலங்குகளும் இறுதியில் மீட்கப்படும் என்று கூறினார். அவற்றின் பழைய நலம் திரும்பக் கிடைப்பதோடு, அதைவிட உயர்ந்த நிலையும் கிடைக்கக்கூடும் என்றார். கடவுள் மறவாத உயிரை மனிதர் மதிக்க வேண்டும் என்பதே அதன் நடைமுறைப் பாடம். விலங்குக்கு மறுமை இல்லை என்றவரும் உண்டு என்றவரும் ஒரே கடமையை வலியுறுத்தினர்.

நாடாளுமன்றத்தில் நடந்த போராட்டம்

அக்கால இங்கிலாந்தில், கட்டிப்போட்ட காளையின் மீதும் கரடியின் மீதும் நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பது பரவலான பொழுதுபோக்கு. 1800-இல் சர் வில்லியம் புல்ட்னி, காளைகள் மீது நாய்களை ஏவுவதைத் தடை செய்ய ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது இரண்டே வாக்குகளில் தோற்றது. அதை எதிர்த்த வில்லியம் வின்டாம் எழுப்பிய கேள்வி எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. பணக்காரர்கள் நரி வேட்டையாடலாம், ஏழைகளுக்கு மட்டும் பொழுதுபோக்குக் கூடாதா என்று அவர் கேட்டார்.

1809-இல் எர்ஸ்கின் பிரபு பிரபுக்கள் சபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். விலங்குகள் மீது மனிதருக்குள்ள ஆளுகை, கடவுள் நம்பி ஒப்படைத்த ஓர் அறப்பொறுப்பு என்று அவர் வாதிட்டார். ஆதியாகமத்தின் ஆளுகை என்ற சொல் இவ்வாறு உரிமையிலிருந்து பொறுப்பாகப் பொருள் மாறியது. பிரபுக்கள் சபை மசோதாவை ஏற்றது, மக்களவை ஏற்கவில்லை.

1822-இல் கால்வே தொகுதி உறுப்பினர் ரிச்சர்ட் மார்ட்டின் கொண்டுவந்த மசோதா சட்டமானது. குதிரை, கழுதை, மாடு, ஆடு முதலியவற்றைக் கொடுமையாக அடிப்பவருக்கு 5 பவுண்டு வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க அது வழிசெய்தது. மார்ட்டின் தாமே தெருவில் குற்றவாளிகளைப் பிடித்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு வழக்கில் அடிபட்ட கழுதையையே சாட்சியாக அழைத்து வந்தார் என்ற கதை பாட்டாகவும் ஓவியமாகவும் பரவியது.

புரூமும் புதிய சங்கமும்

சட்டம் வந்தாலும் அதை நடைமுறைப்படுத்த ஆளில்லை. அந்தப் பணியைக் கையில் எடுத்தவர் லண்டனின் ஆர்தர் புரூம் (1779–1837) என்ற குரு. பிரைமாட்டின் நூலைச் சுருக்கி மறுபதிப்பாக வெளியிட்ட அவர், 1824 ஜூன் 16 அன்று லண்டனில் ஒரு காபி இல்லத்தில் கூட்டம் கூட்டினார். அன்று விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் உருவானது. வந்திருந்தவர்களுள் மார்ட்டினும், அடிமை வணிக ஒழிப்புக்காகப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸும், தாமஸ் ஃபௌவல் பக்ஸ்டனும் இருந்தனர். அடிமைமுறையையும் விலங்கு வதையையும் பிரைமாட் ஏட்டில் இணைத்துப் பேசி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அந்த இரு இயக்கங்களையும் சேர்ந்தவர்கள் இப்போது ஒரே அறையில் அமர்ந்தனர்.

புரூம் தம் பங்குப் பணியையும் அதன் வருமானத்தையும் விட்டுவிட்டுச் சங்கத்தின் முழுநேரச் செயலாளர் ஆனார். லண்டனின் ஸ்மித்ஃபீல்டு கால்நடைச் சந்தையைக் கண்காணிக்க ஆட்கள் நியமிக்கப்பட்டனர். செலவு வரவை மிஞ்சியது. சங்கத்தின் ஏறத்தாழ 300 பவுண்டு கடனுக்குச் செயலாளரே பொறுப்பாக்கப்பட்டார். 1826-இல் புரூம் கடனாளிகளுக்கான சிறைக்குச் சென்றார். மார்ட்டினும் சங்கத்தின் மற்றோர் உறுப்பினரான லூயிஸ் கொம்பர்ட்ஸும் பணம் திரட்டி அவரை மீட்டனர்.

வாசல் குறுகியபோது

கொம்பர்ட்ஸ் ஒரு யூதர். மனிதருக்கும் விலங்குகளுக்கும் உள்ள அறநெறி உறவைப் பற்றி 1824-இல் ஒரு நூல் எழுதியவர். இறைச்சி, பால், முட்டை அனைத்தையும் தவிர்த்தவர். குதிரைகள் படும் பாட்டை எண்ணி, குதிரை வண்டியில் ஏறுவதையும் விட்டவர். புரூமுக்குப் பின் செயலாளர் பொறுப்பை ஏற்று, திவாலாகும் நிலையிலிருந்த சங்கத்தை அவரே தூக்கி நிறுத்தினார்.

1832-இல் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தன் செயல்பாடுகள் முழுவதும் கிறித்தவ நம்பிக்கையையும் கிறித்தவக் கோட்பாடுகளையும் மட்டுமே அடித்தளமாகக் கொண்டவை என்று அது அறிவித்தது. கொம்பர்ட்ஸ் விலகினார், விலங்குகளின் நண்பர்கள் சங்கம் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். உருவமும் நிறமும் வேறுபட்டாலும் வலி ஒன்றே என்ற வாதத்திலிருந்து ஊக்கம் பெற்ற ஒரு சங்கம், தன்னைக் காப்பாற்றிய மனிதரைச் சமய வேறுபாட்டின் பெயரால் வெளியேறச் செய்தது.

1835-இல் குவேக்கர் பிரிவைச் சேர்ந்த ஜோசப் பீஸ் கொண்டுவந்த சட்டம், மார்ட்டின் சட்டத்தில் விடுபட்டிருந்த காளைகளுக்கும் நாய்களுக்கும் பாதுகாப்பை விரிவாக்கியது. காளை, கரடி ஆகியவற்றின் மீது நாய்களை ஏவும் கேளிக்கைகளையும், சேவற்சண்டைக்கென இடம் நடத்துவதையும் தடை செய்தது. 1840-இல் விக்டோரியா அரசி சங்கத்துக்கு அரச அடைமொழி வழங்கினார். புரூம் அதைக் காணவில்லை. அவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

வின்டாம் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. வண்டிக்காரர்களும் மாட்டுச் சந்தைத் தொழிலாளர்களும் தண்டிக்கப்பட்டனர். செல்வர்களின் நரி வேட்டைக்குத் தடை வரவில்லை. வேட்டைக்குச் சென்ற குருமார்களும் அன்று பலர் இருந்தனர். சிட்னி ஸ்மித் என்ற குரு 1809-லேயே, ஒழுக்கக்கேட்டை ஒழிப்பதற்கென அமைந்த ஒரு சங்கம் ஏழைகளின் குறைகளை மட்டுமே தேடி அலைவதாகக் கேலி செய்து எழுதியிருந்தார்.

பிற்கால வளர்ச்சி

இதே காலத்தில் இயக்கம் வேறு திசைகளிலும் பரவியது. பிரைமாட்டின் நூல் 1778-இல் ஜெர்மன் மொழியில் வந்தது. ஸ்டுட்கார்ட் நகரின் லூத்தரன் போதகர் ஆல்பர்ட் கினாப் 1837-இல் ஜெர்மனியின் முதல் விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் 1809-இல் வில்லியம் கவ்ஹெர்டு நிறுவிய சிறு திருச்சபை, உறுப்பினர்கள் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும் என்று விதித்தது. 1847-இல் இங்கிலாந்தில் சைவ உணவாளர் சங்கம் அமைந்தபோது அத்திருச்சபையினர் அதில் முக்கியப் பங்கு வகித்தனர்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உயிருள்ள விலங்குகளை அறுத்துச் செய்யும் ஆய்வுகள் விவாதப் பொருளாயின. பிரான்சிஸ் பவர் காப் என்ற பெண்மணி 1875-இல் தொடங்கிய எதிர்ப்பு அமைப்பில், ஆங்கிலிக்கரான ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவும் கத்தோலிக்கரான கர்தினால் மானிங்கும் இணைந்து நின்றனர். அடுத்த ஆண்டு இத்தகைய ஆய்வுகளுக்கு உரிமம் பெறுவதைச் சட்டம் கட்டாயமாக்கியது. கடமை என்பது அறநெறி உணர்வுள்ளவர்களுக்கு இடையே உள்ளது என்ற அக்குவினாஸ் மரபை மானிங் மறுக்கவில்லை. ஆயினும் விலங்குகளைப் படைத்தவருக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்று கூறி அதை விரிவாக்கினார்.

20-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர்கள் இவ்விவாதத்தை மேலும் முன்னெடுத்தனர். வாழ்வைப் போற்றுதல் என்பதே அறத்தின் அடிப்படை என்றார் ஆல்பர்ட் ஷ்வைட்சர். சி. எஸ். லூயிஸ் 1940-இல் துன்பத்தைப் பற்றி எழுதிய நூலில் விலங்குகளின் வலிக்கென ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். ஆங்கிலிக்கக் குரு ஆண்ட்ரூ லின்சி 1976 முதல் விலங்குகளின் உரிமையைக் கிறித்தவ இறையியல் அடிப்படையில் வாதிட்டு வருகிறார்.

1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் பழைய, புதிய குரல்கள் அருகருகே உள்ளன. விலங்குகளுக்கு மனிதர் அன்பு காட்டக் கடன்பட்டவர்கள் என்று அது கூறுகிறது. காரணமின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது என்றும் கூறுகிறது. இரண்டாவது கூற்றில் அக்குவினாஸின் சாயலைக் காணலாம். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல் இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. மனிதர்க்கு அளிக்கப்பட்ட ஆளுகையைக் கட்டற்ற அதிகாரமாகப் புரிந்துகொள்வது தவறு என்றும், ஒவ்வோர் உயிருக்கும் கடவுள் முன்னிலையில் தனக்கென மதிப்பு உண்டு என்றும் அது வலியுறுத்தியது.

மதிப்பீடு

கிறித்தவம் விலங்குகளைப் புறக்கணித்த சமயம் என்ற கூற்றும், விலங்கு நல இயக்கத்தின் தாய் கிறித்தவமே என்ற கூற்றும் முழு உண்மை ஆகா. ஒரே நூலை வாசித்தே ஒருவர் விலங்குகளுக்கு நீதி கிடையாது என்றார். மற்றொருவர் அவற்றுக்காகச் சிறை சென்றார். இங்கிலாந்துச் சட்டங்கள் உருவானதில் பெந்தம் போன்ற சமயச் சார்பற்ற சிந்தனையாளர்களுக்கும், கொம்பர்ட்ஸ் போன்ற பிற சமயத்தவருக்கும் பங்கு உண்டு.

கிரேஞ்சர் பேசியபோது முகம் சுளித்த மக்களும், 1824-இல் காபி இல்லத்தில் கூடியவர்களும் ஒரே விவிலியத்தைக் கையில் வைத்திருந்தவர்கள்தாம். இடைப்பட்ட ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் அந்நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அடிபடும் விலங்கின் வலியும் அறத்தின் கணக்கில் சேர வேண்டும் என்று சிலர் வாதிட்டனர். அந்த வெளிச்சத்தில் பழைய வசனங்கள் வேறுவிதமாக வாசிக்கப்பட்டன. அந்தக் கணக்கில் எந்தெந்த விலங்குகள் சேரும் என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. வண்டிக் குதிரையை 1822-ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்துக்கொண்டது. நாயும் காளையும் சேர மேலும் 13 ஆண்டுகள் ஆயின. இன்று இறைச்சிக்காகக் கூண்டுகளில் நெருக்கி வளர்க்கப்படும் கோழிகளையும் பன்றிகளையும் பற்றிக் கிறித்தவ அறிஞர்களிடையே நடக்கும் விவாதம், பிரைமாட் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது.